யார் குத்திய முத்திரை

நூற்றிருபது கோஸ். வருஷா வருஷம் குளிர்காலக் கிம்ச்சி ஊறுகாய்க்கு எண்பதுதான் போடுவது வழக்கம். இந்தத் தடவை இன்சுக் நாற்பது கூட வாங்கியிருந்தாள். அடுத்த ஒரு வருஷத்துக்கு அவள் இந்த வீட்டில் இருக்கப்போவதில்லை.

முந்தின நாள் உப்பில் போட்ட கோஸ்களை விடிந்ததும் முற்றத்துக் குழாயடியில் குந்தி அலசிக்கொண்டிருந்தாள். கடல் காற்று ரப்பர் கையுறைக்குள்ளும் புகுந்து விரல்களைக் கடித்தது. அவள் கணவர் மான்ஹோ பூண்டு உரித்துக்கொண்டு எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். மூன்று வாரமாக மனைவியிடம் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் மூன்று வேளைச் சோறு மட்டும் தவறாமல் உள்ளே போய்க்கொண்டிருந்தது. மாமியாரும் அப்படித்தான். மூன்று வாரமாக, இன்சுக் அறைக்குள் நுழைந்தாலே சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

கிம்ச்சி போட உதவிக்கு வந்த நாத்தனார் ஜோங்நான், கோஸ் குவியலைப் பார்த்ததும் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"என்ன அண்ணி, இத்தனை கோஸு? ஒரு வருஷம் எங்கண்ணன் கிம்ச்சியத் தின்னே உசுர் வாழணுமா?"

"மீனும் பொரிச்சுக்கலாம்" என்றாள் இன்சுக்.

"பொரிப்பாரு, பொரிப்பாரு. அடுப்பு எந்தப் பக்கம் இருக்குன்னு காட்டிக் குடுத்துட்டுப் போங்க." ஜோங்நான் கையுறையை மாட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஊரான் பிள்ளைய ஊட்டி வளக்கப் போறாங்களாம்... வீட்டுக் கெழவிக்குக் கஞ்சி ஊத்த ஆளக் காணோம்."

இன்சுக் அடுத்த கோஸை எடுத்து அலசினாள். சொல்ல ஒன்றும் இல்லாமலில்லை. முப்பத்தோரு வருஷம் அந்த ஊரின் சுகாதார நிலையத்தைத் தனியாளாக நடத்தியவள் அவள். டாக்டர் இல்லாத கரையோரக் கிராமம். காய்ச்சலுக்கு ஊசி போட்டதும் அவள்தான், பிரசவம் பார்த்ததும் அவள்தான். போன வசந்தத்தில் ஓய்வு பெற்றாள். கையில் இருந்த வித்தையை யாருக்காவது சொல்லிக் கொடுக்கலாம் என்றால் இங்கே ஆளில்லை. அந்த ஊரில் கடைசிக் குழந்தை பிறந்தே பதினோரு வருஷம் ஆகிறது. லாவோஸில் மலை மாவட்டமொன்றில், பிரசவம் பார்க்கும் பெண்களுக்குக் கைபிடித்துச் சொல்லித்தர ஆள் தேவை, சம்பளமில்லை, சாப்பாடும் தங்குமிடமும் உண்டு என்று அரசாங்க அறிவிப்பு வந்தபோது, அவள் அதை நின்றபடியே இரண்டு தடவை படித்தாள். கல்யாணமாகி முப்பத்தைந்து வருஷத்தில் தனக்கென்று அவள் ஆசைப்பட்டது அது ஒன்றுதான்.

விண்ணப்பத்தை நிரப்பினாள். கடைசிப் பக்கத்தில் கணவரின் சம்மதத்துக்கு, கையெழுத்துக்குப் பதிலாக அவருடைய பெயர் முத்திரை வேண்டும். வீட்டுக்காரரிடம் கேட்க வாய் வரவில்லை. மேஜை டிராயரில் வைப்பாள், எடுத்துப் படிப்பாள், மறுபடி வைப்பாள். கடைசித் தேதிக்கு முதல் நாள், கிழித்துப் போட்டுவிடலாம் என்று டிராயரைத் திறந்தால், கட்டத்துக்குள் சிவப்பாக மான்ஹோவின் முத்திரை!

வாயால் எதையும் சொல்லாத மனிதர், முத்திரையால் சொல்லிவிட்டார் என்றுதான் அவள் நினைத்தாள். தபாலாபீசுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனாள். அன்று ராத்திரி அவருக்குப் பிடித்த வாளை மீனைப் பொரித்து வைத்தாள். எதற்கு என்று தெரியாமலே அவர் நன்றாகச் சாப்பிட்டார்.

தேர்வான கடிதம் வந்த அன்று உண்மை வெளிப்பட்டது. "என் முத்திரைய யாரு குத்தினது?" என்று மான்ஹோ கேட்டார். அந்த வீட்டில் மூன்றே பேர். அவர் குத்தவில்லை, அவளும் குத்தவில்லை.

"நான்தான்" என்றாள் இன்சுக்.

மாமியாரை ஏன் காட்டிக்கொடுக்கவில்லை என்று கேட்டால் அதற்குக் காரணம் ஜோங்நான். கோடையில் ஒருநாள் மாமியார் அடுப்பில் பானையை வைத்து மறந்துபோய், அது கரியாகிவிட்டது. அன்றிலிருந்து ஜோங்நான், அம்மாவுக்கு மூளை கலங்க ஆரம்பித்துவிட்டது, முதியோர் இல்லத்தில் விட்டுவிடலாம் என்று போனில் ஓதிக்கொண்டே இருந்தாள். அரசாங்கக் காகிதத்தில் பிள்ளையின் முத்திரையை எடுத்துக் குத்தினார் என்று தெரிந்தால் அந்த வாரமே கட்டிலைக் காலி செய்துவிடுவார்கள். தெரிந்துதான் குத்தினாரா, இல்லை நிஜமாகவே புத்தி தடுமாறியா என்பது இன்சுக்குக்கே தெரியவில்லை. கேட்கலாமென்றால் அவர் முகத்தைச் சுவரிடம் கொடுத்திருந்தார். சரி, திருடி என்ற பேரை நாமே சுமந்துகொள்வோம் என்று இருந்துவிட்டாள்.

மிளகாய் விழுதும் நெத்திலிச் சாறும் முள்ளங்கியும் கலந்து வைத்த பெரிய தொட்டியைச் சுற்றி மூவரும் உட்கார்ந்தார்கள். ஜோங்நான் விடுவதாயில்லை.

"சொல்லிட்டுப் போயிருந்தாக்கூட மனசு ஆறும் அண்ணி. புருஷன் முத்திரையத் திருடிக் குத்திட்டுப் போறதுன்னா... எங்கம்மா உங்களுக்கு என்ன கொடுமை செஞ்சாங்க?"

"ஒரு கொடுமையும் செய்யல."

"அப்புறம் ஏன் ஓடுறீங்க?"

மான்ஹோ எழுந்து உள்ளே போனார். கடிதத்தோடு வந்த விண்ணப்ப நகலைக் கொண்டுவந்து தங்கையின் முன்னால் போட்டார். "நீயே பாரு" என்றார், மனைவியைப் பார்க்காமல்.

ஜோங்நான் கையுறையைக் கழற்றி, கண்ணாடியை மாட்டினாள். "அடடா... அவசரத்துல தலைகீழால்ல குத்தியிருக்காங்க. திருடுறவங்களுக்கு நிதானம் ஏது?"

மான்ஹோ காகிதத்தைப் பிடுங்கிப் பார்த்தார். கோபத்தில் அவர் அதை அதுவரை சரியாகப் பார்க்கவே இல்லை. அவருடைய பெயர் கட்டத்துக்குள் காலை மேலே தூக்கிக்கொண்டு நின்றது.

முத்திரைக்கட்டையின் மேல்பக்கத்தில் சின்ன வெட்டு ஒன்று இருக்கும். அங்கே ஆள்காட்டி விரலை வைத்துக் குத்தினால் எழுத்து நேராக விழும். முப்பத்தோரு வருஷம் தடுப்பூசி அட்டைகளில் முத்திரை குத்தியே அவள் விரல் காய்த்துப்போயிருந்தது. வீட்டுப் பத்திரங்களில்கூட, தான் குத்தினால் கோணலாகிறது என்று அவளைக் கூப்பிட்டுத்தான் அவர் குத்தச் சொல்வார். தூக்கத்தில் எழுப்பிக் குத்தச் சொன்னாலும் அவளுக்குத் தலைகீழாக விழாது.

மூன்று வாரத்துக்குப் பிறகு மான்ஹோ மனைவியின் முகத்தைப் பார்த்தார்.

"இது நீ குத்தினதில்ல."

"நான்தாங்க. அவசரம்... கை நடுங்கிருச்சு."

"பொய் சொல்லாத. யாரு?"

இன்சுக் குனிந்து கோஸ் இதழ்களுக்கு நடுவே விழுதைத் தடவிக்கொண்டே இருந்தாள். கண்ணீர் மூக்கு நுனிக்கு வந்துவிட்டது. மிளகாய்க் கையால் துடைக்கவும் முடியவில்லை.

"அவள எதுக்குடா மிரட்டுற? நான்தான் குத்தினேன்."

மாமியார் அறை வாசலில், கதவுச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

ஜோங்நான்தான், மெதுவாக, "பாத்தியா அண்ணே" என்றாள். "நான் சொன்னப்ப நம்பல. என்ன காகிதம்னு தெரியாம எடுத்துக் குத்தியிருக்காங்க. நாளைக்கு வீட்டுப் பத்திரத்துலயும் குத்துவாங்க. இனிமே இங்க வெச்சிருக்கறது சரிவராது."

இன்சுக் எதற்குப் பயந்தாளோ அது நடந்துவிட்டது. "இல்ல ஜோங்நான், அத்தை தெளிவாத்தான் இருக்காங்க" என்று எழுந்தாள். எதை வைத்துச் சொல்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

மாமியார் வாசற்படியில் உட்கார்ந்து முழங்காலைத் தடவிக்கொண்டார்.

"என்ன காகிதம்னு தெரியும்டி. பத்து நாளா இவ அத எடுக்கறதும் வைக்கறதுமா இருந்தா. எனக்குத்தான் எழுத்து தெரியாது. இவ சந்தைக்குப் போன அன்னைக்கு, தபால்ல அனுப்பின பூண்டு மூட்டைக்கு ரசீது குடுக்கத் தபால்காரன் வந்தான். உக்கார வெச்சு ஒரு வரி விடாம வாசிக்கச் சொன்னேன். லாவோஸு. ஒரு வருஷம். சம்பளம் கிடையாது. பிரசவம் பாக்கற பொம்பளைங்களுக்குப் பாடம். எங்க குத்தணும்னு அவன்தான் விரல் வெச்சுக் காட்டினான். வெட்டு மேல இருக்கணும்னும் சொன்னான். அதை மட்டும் மறந்துட்டேன். வேணும்னா அவனுக்குப் போன் போட்டுக் கேளு."

ஜோங்நான் போனை எடுக்கவில்லை.

"ஏன்மா?" என்றார் மான்ஹோ. "எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"கேட்டா நீ வேணாம்பே. கெழவிதான் குத்தினான்னு அவ சொல்லிருவான்னு இருந்தேன். திருட்டுப் பட்டத்த வாங்கிக் கட்டிக்குவான்னு நான் கண்டனா? அப்புறம், அவ கிளம்பினதும் சொல்லிக்கலாம்னு இருந்துட்டேன்." மாமியார் மூச்சு வாங்கினார். "மான்ஹோ, நீ என் மூத்த பிள்ளை இல்ல. மூணாவது."

அறுபத்தோரு வயது மகன் பூண்டுத் தோல் ஒட்டிய கையோடு நின்றார்.

"உனக்கு முன்னாடி ரெண்டு. மொதல்ல ஆம்பள, அடுத்தது பொம்பள. ரெண்டும் கொழுகொழுன்னுதான் பொறந்துச்சு. அப்பல்லாம் அரிவாளாலதான் தொப்புள்கொடிய அறுப்பாங்க, புல்லறுத்த அதே அரிவாள். ஏழாம் நாள் வாய் இறுகிப்போச்சு. பால் இறங்கல. உடம்பு வில்லா வளைஞ்சு... ரெண்டுக்கும் அதே ஏழாம் நாள். என் ராசின்னு சொன்னாங்க. நானும் அப்படித்தான் நெனச்சேன்."

இன்சுக்குக்கு அந்த நோயின் பெயர் தெரியும், டெட்டனஸ். காரணமும் தெரியும். முப்பத்தைந்து வருஷம் ஒரே கூரையின் கீழ் இருந்தும் இது தெரியாது.

"நீ வயித்துல இருக்கப்ப, மஞ்ச முடியோட வெளிநாட்டு நர்சு ஒருத்தி டவுனுக்கு வந்தா. பக்கத்து வீட்டுக் கருவாட்டுக்காரிய மூணு மாசம் கூட்டிப்போய்ப் பழக்கினா. திரும்பி வந்தவ கத்திரிக்கோலக் கொதிக்கக் கொதிக்க வேகவெச்சு அறுத்தா. எட்டாம் நாள் காலைல நீ பாலுக்கு அழுத. அவ்வளவுதான்டா சங்கதி. ராசியும் இல்ல, கீசியும் இல்ல."

மான்ஹோ கேட்டார். "பேரு என்னம்மா? அந்த ரெண்டு பேருக்கும்?"

"நூறு நாள் தாண்டினாத்தான் பேரு வைக்கறது. வைக்கல."

அவர் திரும்பிக்கொண்டார். முதுகு குலுங்கியது. ஜோங்நான் அம்மாவின் காலடியில் போய் உட்கார்ந்தாள்.

"அண்ணி போயிட்டா உன்ன என் தலையில கட்டிருவாங்கன்னு பயந்தேன்மா. எம்மாமியாரையும் பாத்து உன்னையும் பாக்க எனக்குத் தெம்பில்ல... அதான் இல்லம் இல்லம்னு..." மேலே பேச முடியாமல் அழுதாள். "அண்ணி, உங்களத் திருடின்னு சொன்ன வாய் அழுகிப்போகணும்."

"அழுகினா கோஸுக்கு உப்புப் பாக்க யாரு இருக்கா?" என்றாள் இன்சுக். அவளும் அழுதுகொண்டுதான் இருந்தாள். "அத்தை, மூணு வாரமா ஏன் எம்மூஞ்சியப் பாக்கல? கோவம்னுல்ல நெனச்சேன்."

"பாத்தா அழுதுருவேன். நான் அழுதா நீ போவியா?" மாமியார் அவள் தலையைப் பிடித்துத் தன் மடியில் அழுத்திக்கொண்டார். "நல்லதா ஒரு வார்த்தை சொல்லாமலே இத்தனை வருஷம் ஓட்டிட்டேன் தாயி."

மிளகாய் அப்பிய இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்துக்கொண்டு, இன்சுக் அந்த மடியில் விம்மி விம்மி அழுதாள். மான்ஹோ மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாதவர். ஜோங்நான் கழற்றி வைத்த கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டு, தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, கோஸுக்குள் விழுதை அப்பத் தொடங்கினார். பாதி தரையில்தான் விழுந்தது. யாரும் குறை சொல்லவில்லை.

பன்னிரண்டு நாளில் மான்ஹோ சோறு வடிக்கக் கற்றுக்கொண்டார். ஜோங்நான் வாரம் ஒரு நாள் வருவதாக ஏற்பாடானது. எல்லாம் சரியாகத்தான் போனது. கிளம்பும் நாள் காலையில் மாமியாருக்கு இருமல் வந்துவிட்டது.

முப்பத்தோரு வருஷம் இருமல்களைக் கேட்ட காது அது. நெஞ்சில் கைவைத்துப் பார்த்தாள், முதுகில் காதை வைத்துக் கேட்டாள். பெரிதாக ஒன்றுமில்லை. ஆனாலும் எண்பத்து மூன்று வயது. வாசலில் மான்ஹோ பெட்டியோடு நின்று, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றார். இன்சுக் கோட்டைக் கழற்றி மடித்து வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

"நான் போகல அத்தை. நான் அங்க இருக்கப்ப உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா அப்புறம் நான் எப்படி இருப்பேன்?"

மாமியார் இருமி முடித்தார். எழுந்து சாய்ந்து உட்கார்ந்தார்.

"அந்த மஞ்ச முடிக்காரி எந்த ஊர்க்காரின்னுகூட எனக்குத் தெரியாது. ஆனா அவ வீட்டுலயும் ஒரு கெழவி இருந்திருப்பா, தாயி. இருமிக்கிட்டு, ஆறின சோத்தத் தின்னுக்கிட்டு. அவ 'போ'ன்னு சொல்லியிருக்கா. அதனால எனக்கு ஒரு பிள்ளை தங்குச்சு, உனக்கு ஒரு புருஷன் கிடைச்சான். அந்தக் கெழவிக்கு நான் என்ன பதில் சொல்றது?"

இன்சுக் எழுந்தாள். இரண்டு கைகளையும் நெற்றிக்குக் கொண்டுபோய், மண்டியிட்டு, தலை தரையில் பட மாமியாரை வணங்கினாள். பிறகு கோட்டைப் போட்டுக்கொண்டாள்.