அரைச்சட்டைச் சிம்னி

அரியலூரில் புதிதாக ஒரு பார்வை மாடம் கட்டி முடித்திருந்தார்கள். மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு படிகள். எவ்வளவு பெரிய வீரராக இருந்தாலும் எண்பதாவது படியில் “அம்மாடி!” என்று ஒரு தடவை உட்கார்ந்துதான் எழ வேண்டும். ஆனால் உச்சிக்குப் போய்விட்டால் ஊரே காலடியில் கிடக்கும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா; திறந்துவைக்க ஓர் அதிகாரி அம்மா வருகிறார். வருகிறவர்களுக்கு எந்தத் திசையில் என்ன தெரிகிறது என்று சொல்ல ஏழாம் வகுப்பிலிருந்து மூன்று பேரைச் சண்முகப்பிரியா டீச்சர் தேர்ந்தெடுத்திருந்தார். வடக்கு முத்தமிழ்செல்வனுக்கு. மேற்கு வெற்றிச்செல்விக்கு. கிழக்கு தென்றலுக்கு.

வெள்ளிக்கிழமை மாலை மாடத்தின் மேலேயே ஒத்திகை நடந்தது. முதலில் முத்தமிழ்செல்வன் கையை நீட்டினான்.

“அதோ, அது கலெக்டர் ஆபீஸ். அதுக்கு இந்தப் பக்கம் கறுப்பா ஒரு தண்ணித் தொட்டி தெரியுது பாருங்க, அது எங்க வூடு!”

“உங்க வீட்டுத் தொட்டியைப் பார்க்கவாடா அதிகாரி அம்மா நூத்துப் பன்னெண்டு படி ஏறி வராங்க?” என்றார் டீச்சர்.

“ஏறி வந்தா தாகமா இருக்கும்ல டீச்சர்!”

எல்லாரும் சிரித்தார்கள். வெற்றிச்செல்வியும் லேசாகச் சிரித்தாள். அவள் இந்த ஜூனில்தான் பள்ளியில் சேர்ந்தவள். அதிகம் பேசமாட்டாள். அவளுக்கு அப்பா இல்லை என்பது வகுப்பில் எல்லாருக்கும் தெரியும். அவர் என்ன வேலை பார்த்தார் என்று மட்டும் யாரும் கேட்டதில்லை.

அவள் மேற்கே பார்த்துச் சொன்னாள்: “மழை பெஞ்சு விட்ட மறுநாள் காலையில வந்தீங்கன்னா, கடைசியில நீலமா ஒரு கோடு தெரியும். அதுதான் பச்சைமலை. பேரு பச்சை, இங்கேருந்து பாத்தா நீலம்.”

“சபாஷ்!” என்றார் டீச்சர். “தென்றல், இப்ப நீ.”

தென்றலுக்குப் பேச்சு என்றால் கரும்பு. இரண்டு நாளாகக் கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பேசி, வீட்டில் எல்லாருக்கும் அது மனப்பாடமே ஆகிவிட்டது. கல்லங்குறிச்சிப் பெருமாள் கோயில் இருக்கும் திக்கைக் காட்டினாள். சுண்ணாம்புக்கல் வெட்டிய பள்ளத்தைக் காட்டினாள். பிறகு, தான் சேர்த்து வைத்திருந்த சிரிப்பு வெடியை எடுத்தாள்.

கிழக்கே ஒரு சிமெண்ட் ஆலையின் சிம்னி வானத்தை முட்டிக்கொண்டு நின்றது. ஏழு பட்டைகள். சிவப்பு, வெள்ளை, சிவப்பு என்று மேலே உள்ள மூன்று மட்டும் புதுப் பெயிண்டில் பளபளத்தன. கீழே இருந்த நாலும் தூசி படிந்து சாம்பல் நிறத்தில் கிடந்தன. பத்து மாதமாக அது அப்படியேதான் நின்றது.

“அதோ நிக்கிறாரே, அவருதான் நம்மூரு அரைச்சட்டை!” என்றாள் தென்றல். “தீபாவளிக்குச் சட்டை தைச்சுட்டாரு. கால்சட்டைக்குத் துணி பத்தல! வெக்கம் கெட்டுப்போய் அப்படியே நிக்கிறாரு. பாவம், யாராச்சும் ஒரு வேட்டி கட்டி விடுங்களேன்!”

டீச்சருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அவ்வளவு சிரிப்பு. முத்தமிழ்செல்வன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கம்பியில் சாய்ந்தான்.

“இதை விட்டுடாதே தென்றல்! அதிகாரி அம்மாவும் சிரிப்பாங்க,” என்றார் டீச்சர்.

தென்றல் பெருமையோடு திரும்பினாள். மேற்குப் பக்கம் காலியாக இருந்தது. வெற்றிச்செல்வி பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிக்கொண்டிருந்தாள்.

“பொறாமை போல,” என்று தென்றல் மனசுக்குள் நினைத்தாள். தப்பான நினைப்புத்தான். ஆனால் அப்போது அவளுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

இருவரும் வீட்டுக்குப் போவது ஒரே மினி பஸ்ஸில். அந்தப் பஸ்ஸின் கண்டக்டர் இளையபெருமாள் வாய்க்குப் பூட்டே இல்லாத மனிதர். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் அவரே ஒரு பெயர் வைத்திருப்பார். சிம்னிக்கு ‘அரைச்சட்டை’ என்று முதலில் பெயர் வைத்தவரும் அவர்தான். அப்புறம் ஊரே அப்படித்தான் கூப்பிட்டது.

“பிள்ளையார் கோயிலு எறங்கு!” என்று அவர் விசில் அடித்ததும் வெற்றிச்செல்வி இறங்கிப் போனாள்.

அடுத்த நிறுத்தம் வந்தது. “அரைச்சட்டை, அரைச்சட்டை! சட்டை கால்சட்டையெல்லாம் சரியா போட்டவங்க மட்டும் எறங்குங்க!”

பஸ்ஸே சிரித்தது. தென்றலும் சிரித்தாள்.

மறுநாள் சனிக்கிழமை ஒத்திகைக்கு வெற்றிச்செல்வி வரவில்லை. டீச்சர் விழாவுக்கான அவளுடைய அடையாள அட்டையைத் தென்றலிடம் கொடுத்தார். “நீதானே அந்த வழியா போற. உடம்பு சரியில்லையான்னு பார்த்துட்டு, இதைக் கொடுத்துட்டுப் போ.”

தென்றல் பிள்ளையார் கோயில் நிறுத்தத்தில் இறங்கி வழி கேட்டாள். அங்கே வெற்றிச்செல்வி என்று யாரும் இல்லை. டீக்கடைக்காரர்தான் சொன்னார்: “காத்தாயி மவளா? அவுங்க வூடு இங்க இல்ல பாப்பா. அடுத்த ஸ்டாப்பு, சிம்னிகிட்ட. அந்தப் புள்ள ஏன் தினமும் இங்க எறங்கி ஒரு மைலு நடந்து போவுதுன்னு எனக்கும் தெரியல.”

தென்றலுக்கு ஒன்றும் புரியவில்லை. ரோட்டோரமாகவே நடந்தாள். நடக்க நடக்கச் சிம்னி பெரிதாகிக்கொண்டே வந்தது. கிட்டே போய் அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலித்தது. அவ்வளவு உயரத்தில் யார் ஏறிப் பெயிண்ட் அடித்திருப்பார்கள் என்று முதல் முறையாக அவள் யோசித்தாள்.

வெற்றிச்செல்வியின் வீட்டுக் கதவு திறந்திருந்தது. உள்ளே சுவரில் ஒரு படம், படத்துக்கு மாலை. படத்துக்குப் பக்கத்தில் ஆணியில் ஒரு மரப்பலகை தொங்கியது. ஒரு ஆள் உட்காரும் அளவு. இரண்டு பக்கமும் கயிறு கோத்த ஓட்டை. பலகை முழுக்கச் சிவப்பும் வெள்ளையுமாகப் பெயிண்ட் சொட்டுகள்.

அந்தச் சிவப்பு தென்றலுக்குத் தெரியும். தினமும் பார்க்கிற சிவப்பு.

“வா பாப்பா, உக்காரு,” என்றார் வெற்றிச்செல்வியின் அம்மா காத்தாயி. “பலகையப் பாக்கறியா? அதுல உக்காந்துதான் எங்க வூட்டுக்காரரு சிம்னிக்குப் பெயிண்ட் அடிப்பாரு. உச்சியிலேருந்து கயித்துல தொங்கிக்கிட்டே, சுத்திச் சுத்திக் கீழ எறங்கணும். மூணு பட்டை முடிச்சாரு. அன்னிக்குச் சாயந்திரம் வூட்டுக்கு வர வழியில லாரி இடிச்சிருச்சு. அம்மாம் உசரத்துல ஒண்ணும் ஆவல பாப்பா. தரையிலதான் போனாரு.”

“மிச்சத்த ஏன் யாரும் அடிக்கல?” என்று தென்றல் மெதுவாகக் கேட்டாள்.

“அவரோட கூட்டாளிங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கூட வேலை பாத்தவன் போயிட்டா, அவன் விட்ட எடத்துல, ஒரு வருஷம் முடியாம, இன்னொருத்தன் கை வெக்க மாட்டான். ஆலையில போய்க் கும்பிட்டுக் கேட்டாங்க. அவுங்களும் சரின்னுட்டாங்க. தை மாசம் வருஷம் முடியுது. அப்புறம் ஏறுவாங்க.”

அரைச்சட்டை என்று ஊர் சிரித்தது துக்கத்தைப் பார்த்தா? பத்து மாதமாகவா? தென்றலுக்கு அவமானமாக இருந்தது. வேட்டி கட்டி விடுங்கள் என்று சொன்ன தன் வாயையே கிள்ள வேண்டும் போல இருந்தது.

உள் அறையிலிருந்து வெற்றிச்செல்வி வந்தாள்.

“எனக்குத் தெரியாதுடி,” என்றாள் தென்றல். “சத்தியமா தெரியாது. மன்னிச்சுக்க.”

“நீ தெரியாமத்தான் சொன்னேன்னு எனக்கும் தெரியும். எல்லாருமே தெரியாமத்தான் சொல்றாங்க. ஆனா என்னால அங்க நின்னு கேக்க முடியல.”

“அதனாலதான் முந்தின ஸ்டாப்புல எறங்குறியா?”

வெற்றிச்செல்வி தலையை மட்டும் ஆட்டினாள். காத்தாயி மகளைத் திடுக்கிட்டுப் பார்த்தார். அவருக்கே அது இப்போதுதான் தெரிந்தது.

“நாளைக்கு அந்தச் சிரிப்புப் பேச்சைச் சொல்ல மாட்டேன்,” என்றாள் தென்றல்.

“நீ சொல்லலேன்னா? கூட்டத்துல வேற யாராச்சும் சொல்லுவாங்க. அந்தப் பேரு ஊருக்கே தெரியுமே.”

அது உண்மைதான். தென்றல் பலகையைப் பார்த்துக்கொண்டே யோசித்தாள். பெயரை வாயால் அழிக்க முடியாது. அந்த இடத்தில் வேறு ஒரு பெயரை வைத்தால்தான் உண்டு.

“உங்கப்பா பேரை நான் சொல்லட்டுமா?” என்று கேட்டாள். “நீ வேணாம்னா சொல்லல.”

வெற்றிச்செல்வி அம்மாவைப் பார்த்தாள். அம்மா படத்தைப் பார்த்தார். “சொல்லட்டுமே தாயி,” என்றார்.

வெற்றிச்செல்வி அடையாள அட்டையை வாங்கிக்கொண்டாள். “அழாம சொல்லுவியா? நீ அழுதா நானும் அழுதுருவேன்.”

“அழ மாட்டேன்,” என்றாள் தென்றல். சொல்லும்போதே கண் கலங்கியது. அது கணக்கில் இல்லை என்று இருவரும் முடிவு செய்துகொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மாடத்தில் கால் வைக்க இடமில்லை. அதிகாரி அம்மா எண்பதாவது படியில் உட்கார்ந்து எழுந்து, மேலே வந்து சேர்ந்தார். முத்தமிழ்செல்வன் உண்மையிலேயே ஒரு செம்பில் தண்ணீர் வைத்திருந்தான். அவர் அதை மடக்மடக்கென்று குடித்ததும் அவன் டீச்சரைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினான்.

மேற்குப் பக்கம் வெற்றிச்செல்வி அழகாகப் பேசினாள். பேசி முடித்ததும் மேற்கையே பார்த்து நின்றுகொண்டாள். கூட்டம் கிழக்கே நகர்ந்தது.

தென்றல் கோயிலைச் சொன்னாள். கல் வெட்டிய பள்ளத்தைச் சொன்னாள். அடுத்து வாயைத் திறக்கும் முன்னால் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

“எங்க பாப்பா நம்ம அரைச்சட்டை? அவரக் காட்டு மொதல்ல!”

கண்டக்டர் இளையபெருமாள்! இரண்டு டிரிப்புக்கு நடுவில், காக்கிச் சட்டையோடு, கழுத்தில் விசிலோடு வந்து நின்றார். கூட்டம் கொல்லென்று சிரித்தது. டீச்சர் “சொல்லு, சொல்லு” என்று கண்ணைக் காட்டினார்.

இத்தனை பேர் சிரிக்கும்போது சிரிக்காமல் பேசுவது எவ்வளவு கஷ்டம் என்று தென்றலுக்கு அப்போதுதான் தெரிந்தது. கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“நானும் அப்படித்தாங்க சொல்லிக்கிட்டு இருந்தேன்,” என்றாள். “அந்தச் சிம்னியில மேல இருக்கிற மூணு பட்டைக்கும் பெயிண்ட் அடிச்சவரு பேரு ராஜவேல். ஒரு பலகையில உக்காந்து, கயித்துல தொங்கிக்கிட்டு அடிச்சாரு. மூணாவது பட்டை முடிச்ச அன்னிக்குச் சாயந்திரம் ரோட்டுல லாரி இடிச்சு எறந்துட்டாரு. அவரு விட்ட எடத்துல ஒரு வருஷத்துக்குக் கை வெக்க மாட்டோம்னு அவரு கூட்டாளிங்க நிறுத்தி வச்சிருக்காங்க. அதனாலதான் மிச்ச நாலு பட்டை அப்படியே இருக்கு.”

அழவில்லை. ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டாள்.

சிரிப்பு அடங்கிவிட்டது. அதிகாரி அம்மா மாடத்தில் இருந்த பெரிய தொலைநோக்கியில் கண்ணை வைத்து, வெகுநேரம் சிம்னியையே பார்த்தார். இளையபெருமாள் விசிலைக் கையில் பிடித்தபடி தரையைப் பார்த்தார்.

அப்போது பின்னாலிருந்து வெற்றிச்செல்வியின் குரல் கேட்டது.

“மூணாவது பட்டையோட கீழ் ஓரத்தப் பாருங்க மேடம்.”

எல்லாரும் திரும்பினார்கள். அவள் மேற்கிலிருந்து கிழக்குப் பக்கம் வந்து நின்றிருந்தாள்.

“அந்தக் கோடு எங்கயாச்சும் கோணலா இருக்கான்னு பாருங்க. இருக்காது. எங்கப்பா கோடு கோணவே கோணாது.”

அதிகாரி அம்மா மறுபடி பார்த்தார். “ஆமாம்மா,” என்றார். “ஸ்கேல் வெச்ச மாதிரி இருக்கு.” பிறகு நகர்ந்து, வெற்றிச்செல்விக்கு இடம் விட்டார்.

அவள் தொலைநோக்கியில் கண்ணை வைத்தாள். சிரித்தாளா அழுதாளா என்று யாருக்கும் தெரியவில்லை. தென்றல் அவள் பக்கத்தில் போய் நின்றாள். கூட்டத்தில் ஒருவர் பின் ஒருவராக வரிசை கட்டி, அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

சாயந்திரம் மினி பஸ்ஸில் இருவரும் ஒரே சீட்டில் உட்கார்ந்தார்கள். இளையபெருமாள் என்றைக்கும் இல்லாத அதிசயமாக வாயே திறக்கவில்லை. டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

பிள்ளையார் கோயில் வந்தது. வெற்றிச்செல்வி பையைத் தோளில் மாட்டினாள். எழுந்திருக்கவா வேண்டாமா என்று யோசித்தாள். தென்றல் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பஸ் கிளம்பிவிட்டது.

அடுத்த நிறுத்தம் நெருங்கியது. சன்னல் வழியாகச் சிம்னி உயர்ந்துகொண்டே வந்தது. வெற்றிச்செல்வியின் விரல்கள் தென்றலின் கையை இறுக்கின.

இளையபெருமாள் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். எப்போதும் போலக் கத்தவில்லை. கோயிலில் பெயர் சொல்லி அர்ச்சனை கேட்கிறவர் போல நிதானமாகச் சொன்னார்:

“ராஜவேல் சிம்னி... ராஜவேல் சிம்னி எறங்கறவங்க வாங்க.”

வெற்றிச்செல்வி எழுந்தாள். இந்தப் பள்ளியில் சேர்ந்த பிறகு முதல் முறையாக, தன் வீட்டு நிறுத்தத்திலேயே இறங்கினாள்.