அண்ணனின் வலது காது

சுண்டுவுக்கு வயது ஒன்பது. அவள் வீட்டுப் பூனைக்குப் பதின்மூன்று. "என்னைவிட வயசுல பெரியவரைப் பேர் சொல்லிக் கூப்பிடலாமா?" என்று கேட்டு, பூனையை அவள் அண்ணன் என்றே அழைத்தாள். வேறு வழியில்லாமல் அம்மாவும் அப்பாவும்கூட மரியாதைக்கு மாறிவிட்டார்கள்.

அண்ணனின் வலது காதுக்குள் ஒரு சின்னக் கட்டி வளர்ந்திருந்தது. மருத்துவர் அதை வெட்டி எடுத்துவிட்டார். ஆனாலும் காதில் சீழ் வடிவது நிற்கவில்லை.

"வயசான பூனை. இந்தக் காது அப்பப்போ தொல்லை கொடுக்கத்தான் செய்யும்" என்றார் மருத்துவர். "காலையிலயும் சாயங்காலமும் சொட்டு மருந்து விடுங்க. முடியலன்னா இங்க கூண்டுல விட்டுட்டுப் போங்க, நாங்க பாத்துக்கிறோம்."

கூண்டு என்றதுமே சுண்டுவுக்கு அழுகை முட்டியது. அண்ணன் தலையணை இல்லாமல் தூங்கவே மாட்டார்.

மருந்து நேரம் வந்தாலே வீட்டில் ரகளைதான். அம்மா துண்டால் சுற்றுவார். அப்பா காதைப் பிடிப்பார். முதல் சொட்டு விழுந்ததும் அண்ணன் துள்ளி அலமாரி மேல் ஏறிவிடுவார். மருந்தெல்லாம் அப்பாவின் சட்டையில் இருக்கும்.

அப்பா தையல்காரர். "இத்தனை வருஷமா ஊசிகிட்ட தப்பிச்ச விரல், இவரோட நகத்துகிட்ட மாட்டிக்கிச்சு!" என்று விரலை ஊதிக்கொண்டார். "நாளைக்குக் கூண்டுலயே விட்டுடுவோம்."

"இன்னும் ஒரே ஒரு தடவைப்பா!"

சுண்டு யோசித்தாள். காதைத் தொட்டால் அண்ணன் பொறுத்துக்கொள்கிறார். சொட்டு விழும்போதுதான் குதிக்கிறார். ஒரு சொட்டைத் தன் மணிக்கட்டில் விட்டுப் பார்த்தாள்.

"ஐயோ, ஐஸ் மாதிரி இருக்கு! இதை எங்கம்மா வெச்சிருந்தே?"

"ஃபிரிட்ஜ்லதான். மருந்து கெட்டுப்போகக் கூடாதில்ல?"

மருத்துவருக்குப் போன் போட்டார்கள். "அதை யாருங்க ஃபிரிட்ஜ்ல வெக்கச் சொன்னது?" என்று அவர் சிரித்தது அறை முழுக்கக் கேட்டது. அம்மா அவசரமாகக் கரண்டி கழுவப் போய்விட்டார்.

சுண்டு மருந்துக் குப்பியை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஆடாமல் அசையாமல் உட்கார்ந்தாள்.

"என்னடி, அடைகாக்கிறியா?" என்றார் அப்பா.

குப்பி வெதுவெதுப்பானதும் அண்ணனை மடியில் படுக்கவைத்து, மெல்ல ஒரு சொட்டு விட்டாள். காது ஒரு தடவை துடித்தது. அவ்வளவுதான். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். சுண்டுவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அடுத்த வாரம் மருத்துவர் விளக்கடித்துப் பார்த்தார். "காது நல்லா காஞ்சிருக்கே! கூண்டுக்கு வேலையே இல்ல. ஆமா, இவரை யாரு அமுக்கிப் பிடிச்சது?"

"யாரும் பிடிக்கல டாக்டர்" என்றாள் சுண்டு. "அண்ணனே வந்து காதைக் காட்டினாரு."