அம்புக்குறியை ஆட்டியது யார்?

சிட்டுவின் வீட்டில் இரண்டு நாட்களாக எல்லாரும் எல்லாரையும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வழக்கமாக அந்த வீட்டில் கதவுகளுக்கு வேலையே கிடையாது. கூடத்துக்கு இந்தப் பக்கம் அம்மாவின் அறை. வீடு கட்டுபவர்களுக்கு லேப்டாப்பில் வரைபடம் போட்டுக் கொடுப்பது அம்மாவின் வேலை. அந்தப் பக்கம் சித்தியின் அறை. சித்தி குழந்தைகள் புத்தகங்களுக்குப் படம் வரைபவள். அவளுக்கும் லேப்டாப்தான் எல்லாம். உட்கார்ந்த இடத்திலிருந்தே இருவரும் நாள் முழுக்கப் பேசிக்கொள்வார்கள்.

"அக்கா, ஒட்டகத்துக்கு எத்தனை விரல்?" என்று சித்தி கத்துவாள்.

"வரையறது நீ, எண்ணறது நானா?" என்று அம்மா பதிலுக்குக் கத்துவாள்.

இப்போது இரண்டு கதவுகளும் சாத்தியிருந்தன. சித்தி தன் லேப்டாப்பின் கேமராக் கண்ணில் பிளாஸ்திரித் துண்டு வேறு ஒட்டி வைத்திருந்தாள்.

எல்லாவற்றுக்கும் காரணம், திரையில் ஓடும் அந்தக் குட்டி அம்புக்குறி. திங்கட்கிழமை காலையிலிருந்து அதற்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. மவுஸை நகர்த்தினால் அசையாது. கையை எடுத்தால் ஓடும். தானாகவே எதையாவது கிளிக் செய்யும். அம்மா வரைந்த வீட்டில் மாடிப்படி குளியலறைக்குள் போய் நின்றது. சித்தியின் லேப்டாப்பிலும் இதே கூத்துதான்.

இருவரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. லேப்டாப்பை அணைத்துவிட்டு மறுபடி போட்டார்கள். மவுஸைக் கவிழ்த்து, விளக்கு எரியும் ஓட்டையைத் துடைத்தார்கள். புது பேட்டரி போட்டார்கள். மேசை வழுக்குகிறதோ என்று அடியில் வெள்ளைத் தாளை விரித்தார்கள். ஒன்றும் பலிக்கவில்லை.

கடைசியில் சித்தி, லேப்டாப் பழுதுபார்ப்பவருக்குப் போன் செய்தாள். அவருக்கு என்ன அவசரமோ!

"கை வைக்காமலே நகருதுன்னா வேற யாரோ நகர்த்துறாங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

வேற யாரோ! அந்த வீட்டை இரண்டாக்க அந்தச் சொல் போதுமானதாக இருந்தது.

சித்திக்கு உடனே ஒருவன் மேல் சந்தேகம் வந்தது. அவளுடைய சொந்த மகன் டமாரம்தான். ஏழு வயது. ரகசியம் சொன்னால்கூட எதிர்வீட்டுக்குக் கேட்கிற குரல், அதனால் அந்தப் பெயர். போன மாதம் சித்தி வரைந்த சிங்கத்துக்கு அவன் மீசை வைத்துவிட்டான். அது உண்மை. அவனே ஒப்புக்கொண்டதும்கூட.

திங்கட்கிழமை மாலை சித்தி தண்ணீர் குடிக்கப் போயிருந்தாள். திரும்பி வந்து பார்த்தால் திரையில் அவள் வரைந்திருந்த யானையின் முகத்துக்குக் குறுக்கே கறுப்பாக ஒரு கோடு. அறையில் டமாரம் மட்டும், கையில் பிஸ்கட்டோடு.

"நான் இல்லம்மா! அதுவா கோடு போட்டுச்சு!"

"அதுவா போட்டுச்சா? பொய் வேறயா?" என்றாள் சித்தி. "நீ உண்மைய ஒப்புக்கற வரைக்கும் அந்தச் சீட்டுல கையெழுத்துப் போட மாட்டேன்."

டமாரத்தின் முகம் சுருங்கிப்போனது. வியாழக்கிழமை அவன் வகுப்பு முழுவதும் தீயணைப்பு நிலையத்துக்குப் போகிறது. பெரிய சிவப்பு வண்டியில் ஏறி உட்காரலாமாம், மணி அடிக்கலாமாம். அம்மாவின் கையெழுத்தோடு சீட்டைப் புதன்கிழமை காலை ஆசிரியையிடம் கொடுத்தாக வேண்டும்.

செவ்வாய்க்கிழமை பள்ளியில் தண்ணீர்த் தொட்டி கழுவினார்கள், அதனால் அரை நாள்தான். பிள்ளைகள் இருவரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். சிட்டுவுக்குப் பத்து வயது. மடியில் ஒரு நோட்டு விரித்து வைத்திருந்தாள். அதில் 'சந்தேகப் பட்டியல்' என்று தலைப்பு. முதல் பெயர் யாருடையது என்று சொல்லவும் வேண்டுமா? டமாரம் எட்டிப் பார்க்காதபடி கையால் மறைத்துக்கொண்டாள்.

"அக்கா" என்றான் டமாரம், தன் அளவுக்கு மெதுவாக. "நான்தான்னு சொல்லிடட்டுமா? சொன்னா அம்மா கையெழுத்துப் போட்டுடுவாங்க."

"நீதான் செஞ்சியா?"

"இல்ல."

"அப்புறம் எப்படிச் சொல்லுவ?"

"வண்டி சிவப்பா இருக்கும்க்கா" என்றான். கண் நிறைந்துவிட்டது.

சிட்டுவுக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனாலும் அவள் சந்தேகம் முழுசாகப் போகவில்லை. மீசை வைத்தவன் கோடு போட மாட்டானா என்ன?

அப்போது அம்மாவின் அறையிலிருந்து சத்தம் வந்தது. "ஐயையோ! மறுபடியும் ஓடுது பாரு!"

சிட்டு நிமிர்ந்தாள். டமாரம் அவள் எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறான். இரண்டு கையும் முழங்காலில். அப்படியென்றால் இது அவன் வேலை இல்லை!

அவள் அம்மாவின் அறைக்கு ஓடினாள். அம்மா மவுஸைப் பிடித்து மேசைமேல் இப்படியும் அப்படியும் அரக்கிக்கொண்டிருந்தாள். அடுத்த நொடி சித்தியின் அறையிலிருந்து "அடச்சே! என்ன இது, பேயாட்டம் ஆடுது!" என்று கூச்சல்.

"கேட்டியா?" என்று அம்மா குரலைத் தாழ்த்தினாள். "நான் கத்தினதும் அவளும் கத்துறா. உன் சித்தி புதுசா என்னத்தையோ லேப்டாப்புல ஏத்தி இருக்கா. அதுதான் இங்கயும் வந்து ஆட்டுது. அந்தப் பக்கம் போகாத."

சிட்டு நேராக அந்தப் பக்கம்தான் போனாள்.

சித்தி கதவை ஒரு விரல் அளவுக்குத் திறந்தாள். "உங்கம்மா எதுக்கு இப்போ கதவச் சாத்திக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க? இத்தனை வருஷம் சாத்தினதே இல்லையே! நீயே சொல்லு."

"நீங்களும்தான சாத்தியிருக்கீங்க, சித்தி?"

"அவங்க சாத்தினாங்க, நானும் சாத்தினேன்" என்று சொல்லிக் கதவை மூடிவிட்டாள்.

சிட்டு கூடத்தின் நடுவில் வந்து உட்கார்ந்தாள். நோட்டில் புதிதாக இரண்டு வரி எழுதிக்கொண்டாள். அம்மா எப்போது கத்துகிறாள், சித்தி எப்போது கத்துகிறாள் என்று ஒவ்வொன்றாகக் குறித்தாள். பத்து நிமிடத்தில் ஒரு விஷயம் பிடிபட்டது. அம்மா எழுந்து தண்ணீர் குடிக்கும்போது சித்தியின் அறை அமைதியாக இருந்தது. சித்தி போனில் பேசும்போது அம்மாவின் அறை அமைதியாக இருந்தது. ஒருவர் மவுஸைத் தொட்டால்தான் இன்னொருவர் அலறுகிறார்.

"டமாரம், ஒரு வேலை செய்யணும். உங்கம்மா ரூம் வாசல்ல போயி நில்லு. உள்ள போகாத. கைய முதுகுக்குப் பின்னாடி கட்டிக்கோ, அப்பதான் சந்தேகப்பட மாட்டாங்க. திரையில அம்பு என்ன செய்யுதுன்னு பார்த்து அங்கருந்தே சொல்லு."

"சத்தமாவா?"

அவனைச் சத்தமாகப் பேசச் சொல்லி இதுவரை யாரும் கேட்டதே இல்லை. "உன்னால முடிஞ்ச அளவுக்கு" என்றாள் சிட்டு.

டமாரம் போய்க் கதவைத் தட்டித் திறக்க வைத்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கைதி மாதிரி நின்றான். சித்தி அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

இந்தப் பக்கம் சிட்டு, "அம்மா, ஒரே ஒரு நிமிஷம் உன் மவுஸைத் தரியா?" என்று கேட்டாள்.

"எதுக்கு?" அம்மாவின் புருவம் ஏறியது. "நாலு மணிக்கு இந்த வரைபடத்த அனுப்பணும். விளையாடாத."

"விளையாட்டு இல்லம்மா. சத்தியமா."

அம்மா அரை மனதோடு கையை எடுத்தாள். சிட்டு மவுஸை மெதுவாக ஒரு வட்டமாகச் சுற்றினாள். அம்மாவின் திரையில் அம்புக்குறி அசையவே இல்லை. ஆனால் கூடத்தைத் தாண்டி ஒரு குரல் இடியாக வந்தது.

"வட்டம் போடுதுக்கா!"

சிட்டு மவுஸை மேலிருந்து கீழே இழுத்தாள்.

"கீழ வருது! வந்துடுச்சு!"

இரண்டு முறை கிளிக் செய்தாள்.

"என் யானை!" என்று இந்த முறை கத்தியது சித்தி.

சித்தி தன் மவுஸைக் கையில் தூக்கிக்கொண்டே ஓடி வந்தாள். அம்மா எழுந்து வாசலுக்கு வந்தாள். இரண்டு நாளைக்குப் பிறகு இருவரும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டது அப்போதுதான்.

"உங்க ரெண்டு பேர் மவுஸும் இடம் மாறியிருக்கு" என்றாள் சிட்டு. "அம்மா நகர்த்தினா சித்தியோடது நகருது. சித்தி நகர்த்தினா அம்மாவோடது."

அம்மா மேசைக்குத் திரும்பிப் போய், லேப்டாப்பின் ஓரத்தில் செருகியிருந்த நகமளவு கறுப்புத் துண்டைத் தொட்டுப் பார்த்தாள். "ஆமா, வயர் இல்லாத மவுஸ்தான, ஒவ்வொண்ணும் இந்த மாதிரி அதது ஜோடித் துண்டுகிட்டதான் பேசும். நடுவுல சுவர் இருந்தாலும் அதுக்குக் கேட்கும். ஆனா எப்படி மாறும்? ரெண்டும் ஒரே கடையில ஒரே நாள்ல வாங்கின ஒரே மாதிரி மவுஸ்தான். அதுக்குத்தான உன்னோடதுல நட்சத்திரம் ஒட்டினோம்?"

"ஆமா, என்கிட்ட இருக்கறது நட்சத்திரம் ஒட்டினதுதான், பாருங்க" என்று சித்தி காட்டினாள். மஞ்சள் நட்சத்திரம் அழகாக ஒட்டியிருந்தது.

அதைப் பார்த்ததும் சிட்டுவுக்குத் திங்கட்கிழமை காலை நினைவுக்கு வந்தது.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை யாரும் வேலை பார்க்கக் கூடாது. திருட்டுத்தனமாக உட்காராமல் இருக்க, அம்மாவும் சித்தியும் சனிக்கிழமை மாலையே தங்கள் மவுஸ்களைப் பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டுப் பூட்டிவிடுவார்கள். திங்கட்கிழமை காலை எடுத்து வைப்பது சிட்டுவின் பொறுப்பு. இந்தத் திங்கட்கிழமை டப்பாவைத் திறந்தபோது நட்சத்திரம் உரிந்து அடியில் கிடந்தது. பாவம் சித்தி, தேடுவாளே என்று அவள்தான் பசை தடவி ஒட்டினாள். எந்த மவுஸில் ஒட்டுவது என்று அவள் யோசிக்கவில்லை. கைக்கு வந்ததில் ஒட்டினாள்.

சித்தி மெதுவாக டமாரத்தின் பக்கம் திரும்பினாள். "நட்சத்திரம் தானா நடந்துபோகாது. அதைப் பிச்சு மாத்தி ஒட்டினது நீதானாடா?"

டமாரம் வாயைத் திறந்தான். சத்தமே வரவில்லை. டமாரத்துக்குச் சத்தம் வராமல் சிட்டு பார்த்ததே இல்லை.

சொல்லாமல் இருந்தால் யாருக்கும் தெரியாது. கண்டுபிடித்தவள் என்ற பேர்தான் கிடைக்கும். சிட்டுவுக்கு அது நன்றாகவே தெரிந்தது. ஆனால் எதிரில் டமாரம் இன்னும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டே நின்றான்.

"நான்தான் சித்தி" என்றாள் சிட்டு. "டப்பாவுக்குள்ள அது உரிஞ்சு கிடந்தது. நான்தான் ஒட்டினேன். தப்பான மவுஸ்ல ஒட்டிட்டேன். இப்பதான் எனக்கே புரிஞ்சது."

முதலில் அம்மாதான் சிரித்தாள். "அப்போ உன் யானை முகத்துல கோடு போட்டது நான்தானா?"

"உங்க மாடிப்படியக் குளியலறைக்குள்ள தள்ளினது நானா!" என்று சித்தியும் சிரித்தாள். "அக்கா, நான் உங்களைப் போயி என்னென்னவோ நினைச்சுட்டேன்."

"நான் மட்டும் குறைச்சலாவா நினைச்சேன்?" என்றாள் அம்மா. இருவரும் மவுஸை மாற்றிக்கொண்டார்கள். அம்புக்குறிகள் இரண்டும் சொன்ன பேச்சைக் கேட்டன. "இனிமே எதையாவது ஒட்டறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேளுடி" என்று அம்மா சிட்டுவின் தலையில் தட்டினாள். வலிக்கவில்லை.

கூடத்தில் டமாரம் தனியாக உட்கார்ந்திருந்தான். சிட்டு அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"டேய், நானும் முதல்ல உன்னைத்தான்டா சந்தேகப்பட்டேன். நோட்டுல உன் பேரைத்தான் முதல்ல எழுதினேன்."

"பரவாயில்லக்கா" என்றான் டமாரம். "எல்லாரும் நீதான் நீதான்னு சொன்னீங்களா, நேத்து ராத்திரி படுத்துக்கிட்டு யோசிச்சேன். ஒருவேளை எனக்கே தெரியாம நான்தான் கோடு போட்டுட்டேனோன்னு. என்னை நானே சந்தேகப்பட்டேன்."

அவன் அதை மெதுவாகத்தான் சொன்னான். ஆனால் அவன் குரல் அவன் குரல்தானே. இரண்டு கதவுகளும் திறந்திருந்தன.

சித்தி எழுந்து வந்தாள். தரையில் அவன் எதிரே உட்கார்ந்து, அவன் பள்ளிப் பையிலிருந்து சீட்டை எடுத்துத் தன் முழங்கால்மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டாள். பிறகு அவன் காதோரம் குனிந்து எதையோ சொன்னாள். என்ன சொன்னாள் என்று சிட்டுவுக்குக் கேட்கவில்லை.

டமாரம் சொன்ன பதில் தெரு முழுக்கக் கேட்டது.

"சரிம்மா! நானும் இனிமே மீசை வைக்க மாட்டேன்!"