பன்னிரண்டாம் கதிரை

பெரிய வியாழன் பின்னேரம் மூன்று மணிக்குக் கோயிலுக்குப் போனேன். கதிரை தூக்கி வைக்கிற வேலை. வெள்ளைக்காரக் கடற்படை திருகோணமலையை விட்டுப் போன அடுத்த வருசம் அது, ஐம்பத்தெட்டு. அவர்களுடைய கப்பல் பட்டறையில், டொக்யாட்டில், என் வேலையும் அதோடு போய்விட்டது. கோயிலில் எடுபிடியாக நின்றேன்.

பீடத்துக்கு முன்னால் பன்னிரண்டு கதிரை. ஐந்து மணிப் பூசையில் பன்னிரண்டு ஆம்பிளைகள் அதில் இருப்பார்கள். பங்குச் சுவாமி முழங்காலில் நின்று ஒவ்வொருவரின் வலது காலையும் கழுவி, துடைத்து, முத்தமிட்டுக் கொஞ்சுவார். யேசு தன் சீடர்களுக்குச் செய்தது போல.

உள்ளதைச் சொல்கிறேன். அந்தக் கோயிலில் ‘ஆண்டவர் வீட்டில் மேல் கீழ் இல்லை’ என்று பிரசங்கம் வைப்பார்கள். அதே வீட்டில் கடைசித் தூணுக்குப் பின்னால் ஒரு மரக் கிராதி இருந்தது. கிராதிக்கு அங்கால், வெறும் தரையில், கடற்படைக்குக் கக்கூஸ் கழுவின லைன் வீட்டு ஆட்கள் இருப்பார்கள். நற்கருணை அவர்களுக்குக் கடைசியில். கால் கழுவுகிற பன்னிரண்டு பேரும் முன்னால் மர வாங்கில் இருக்கிற குடும்பங்களில் இருந்துதான். அவர்களும் வீட்டிலேயே சவுக்காரம் போட்டுத் தேய்த்த காலோடு வருவார்கள். கழுவின காலைக் கழுவுகிறதுதான் எங்கள் தாழ்ச்சி.

கழுவின தண்ணீரை யாரும் கீழே ஊற்றமாட்டார்கள். கதிரையில் இருந்த பன்னிரண்டு பேரும் போத்தலில் பங்கு போட்டு வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். நோயாளிக்குப் பூசினால் சுகம் வரும் என்று ஒரு நம்பிக்கை.

அந்தத் தண்ணீர் எனக்கு வேண்டும். என் மகள் பிலோமிக்கு அப்போது ஒன்பது வயது. மூன்று வயதில் வந்த காய்ச்சலோடு இரண்டு காலும் சூம்பிவிட்டது. தாய் இல்லாத பிள்ளை. தவழ்ந்து தவழ்ந்து அவள் முழங்கால் தோல் மாட்டுத்தோல் மாதிரிக் காய்த்துப் போயிருந்தது. ஆறு வருசம் கோயில் மூப்பர் வஸ்தியாம்பிள்ளையிடம் ஒரு கதிரைக்குக் கெஞ்சினேன். அவர் கைகாட்டுகிறவன்தான் அதில் இருக்கலாம். "பாப்பம் லேனாட்டு" என்பார். பார்த்தது இல்லை.

அந்த வருசம் புதுச் சுவாமி வந்தார். குருத்து ஞாயிறன்று ஆட்களைத் தானே தெரிவு செய்வதாகச் சொல்லி எல்லார் பேரையும் எழுதிக் குலுக்கினார். பன்னிரண்டாவது சீட்டில் கயித்தானின் பேர் வந்தது. கிராதிக்கு அங்கால் இருந்த கயித்தான்.

"உவன்ட பேரை ஆர் எழுதிப் போட்டது?" மூப்பர் எழும்பினார்.

"நான்தான். அவரும் ஞானஸ்நானம் எடுத்தவர்தானே?" என்றார் சுவாமி.

வாங்கில் இருந்து ஒருவன், "சுவாமி, அவன்ட காலுக்குத் தாம்பாளம் காணாது. பீப்பா வேணும்!" என்றான். கோயில் சிரித்தது.

கிராதிக்குப் பின்னாலிருந்து கயித்தானும் சிரித்தான். "பயப்பிடாதேங்கோ ஐயா. இவ்வளவு காலமும் உங்கட நாத்தத்தைக் கழுவினவன் நான்தானே. ஒரு நாளைக்கு என்ர காலையும் பாருங்கோவன்."

மூப்பர் சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

வியாழன் பின்னேரம் நான் கதிரைகளை வைத்துக்கொண்டிருக்க, மூப்பர் கோயிலுக்குப் பின்னால் இருந்த சுண்ணாம்புக் கொட்டிலுக்குக் கூப்பிட்டார். கையில் அலவாங்கு, கல் பெயர்க்கிற இரும்புக் கம்பி.

"லேனாட்டு, அவன் வராட்டி அந்தக் கதிரை உனக்கு."

"நான் என்ன செய்யவேணும்?"

"அவனைப் பிடி. காலை நான் பாக்கிறன்."

பிலோமியின் முழங்காலை நினைத்தேன். வேறொன்றையும் நினைக்கவில்லை.

கயித்தான் நேரத்தோடு வந்தான். புது வேட்டி. செருப்பைக் கையில் பிடித்திருந்தான். "எனக்கு எந்தக் கதிரை?" என்று கேட்டான். "பின்னால வா, காட்டுறன்" என்றேன். நம்பி வந்தான்.

கொட்டிலுக்குள் அவனை விழுத்தி நெஞ்சில் ஏறி இருந்தேன். மூப்பர் முதல் அடியை வலது கணுக்காலில் போட்டார். காய்ந்த பனைமட்டை முறிகிற சத்தம். இரண்டாவது இடதில். பிறகும் விடவில்லை. "கழுவ வாறியோ? கழுவ வாறியோ?" என்று கேட்டுக் கேட்டு அடித்தார். எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. கயித்தான் போட்ட சத்தம் ஊருக்கு அந்தப் பக்கம் ஓர்ஸ் ஹில் வரைக்கும் கேட்டிருக்கும். நான் ஒரு சுண்ணாம்புச் சாக்கை எடுத்து அவன் வாயில் அமத்தினேன்.

காலை உடைக்கத்தான் கதைத்திருந்தோம்.

சாக்கை எடுத்தபோது அவனுக்கு மூச்சு இல்லை. கண்ணுக்குள் சுண்ணாம்பு. இரண்டு பாதமும் வெளிப்பக்கம் பார்த்துத் திரும்பிக் கிடந்தது.

கோயிலுக்குக் கீழே பாறை. பாறைக்குக் கீழே கடல் கரையிலேயே கிடங்கு மாதிரி ஆழம். பழைய நங்கூரச் சங்கிலியைச் சுற்றி உருட்டிவிட்டோம். குமிழி வந்தது. கனநேரம் வந்தது.

கோயில் மணி அடித்தது. கையைக் கழுவினேன், சட்டையை மாற்றினேன், ஓடிப்போய்ப் பன்னிரண்டாம் கதிரையில் இருந்தேன்.

சுவாமி பார்த்தார். "கயித்தான் எங்க?"

"அவருக்கு ஏலாதாம் சுவாமி," என்றார் மூப்பர். உயிரோடு இருந்த வரைக்கும் ‘அவன்’. அன்றைக்குத்தான் ‘அவர்’.

பதினொரு கால் கழுவி முடிந்தது. தாம்பாளத்துத் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. சுவாமி என் முன்னால் முழங்காலில் நின்று என் காலைத் தூக்கினார். அப்போதுதான் நானும் குனிந்து பார்த்தேன்.

காலை நான் கழுவி வரவில்லை.

விரல் இடுக்கெல்லாம் சுண்ணாம்பும் இரத்தமும் காய்ந்திருந்தது. சுவாமி தண்ணீரை வார்த்தார். தாம்பாளம் சிவந்தது. அவர் கை நின்றது. என் முகத்தைப் பார்த்தார். மூப்பரைப் பார்த்தார். பிறகு கிராதிப் பக்கம் பார்த்தார். அங்கே கயித்தானின் பெண்சாதி மதலேனா கழுத்தை நீட்டி நீட்டித் தன் புருசனைத் தேடிக்கொண்டிருந்தாள்.

சுவாமி குனிந்து என் காலைக் கொஞ்சினார்.

அவருக்குத் தெரியும்.

தண்ணீரைப் பங்கு போடும்போது, "தாம்பாளத்துக் கறள், துருத்தான் சிவப்பு" என்றார் மூப்பர். மற்றப் பதினொரு பேரும் முகம் சுழித்து விட்டுப் போனார்கள். நான் என் போத்தலை நிரப்பினேன். என்ன தண்ணீர் என்று தெரிந்துதான் நிரப்பினேன்.

பெரிய வெள்ளி காலை பிலோமியின் கால்களுக்கு அதைப் பூசினேன். உப்பும் சுண்ணாம்பும் கலந்த மணம் வீடு முழுக்க எழும்பியது. பிள்ளை கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு சுவரைப் பிடித்தாள்.

எழும்பினாள்.

ஆறு வருசத்துக்குப் பிறகு என் பிள்ளை நின்றாள். நான் அழுது நிலத்தைக் கும்பிட்டேன். கும்பிட்ட இடத்தில் அவள் பாதம் தெரிந்தது. வெளிப்பக்கம் பார்த்துத் திரும்பியிருந்தது. இரண்டும்.

கணுக்கால் எலும்பை ஊன்றி நடந்தாள். நோகவில்லை என்றாள். சீமெந்துத் தரையில் அவள் வைத்த அடியெல்லாம் ஈரம். ஒன்பது வயதுப் பிள்ளையின் அடி இல்லை அது. என் பாதத்தை விடப் பெரிது.

"அப்பா, கோயிலுக்கு நேரமாச்சு" என்றாள். எனக்கு முன்னால் நடந்தாள்.

பெரிய வெள்ளியில் மணி அடிப்பதில்லை. மணிக்குப் பதிலாக ஒரு மரத்தட்டை அடிப்பார்கள். மூன்று மணி. கோயில் நிறைந்த சனம், ஒரு சத்தம் இல்லை. சிலுவையைக் கொஞ்சுவதற்கு முதல் ஆளாக மூப்பர் வெறும் காலோடு போனார். மூன்று இடத்தில் முழங்காலில் நிற்கவேண்டும்.

முதல் இடத்தில் நின்று எழும்பினார்.

டக்.

மரத்தட்டு என்று நினைத்தோம். தட்டுக்காரன் வெறும் கையோடு பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு நின்றான்.

டக்.

மூப்பரின் வலது பாதம் தானாகத் திரும்பியது. யாரும் தொடவில்லை. பிறகு இடது. எலும்பு தோலுக்கு வெளியே வந்தது. மனிசன் விழுந்து சிலுவையை நோக்கித் தவழ்ந்தார். வாயைத் திறந்தார். கத்த வரவில்லை; தண்ணீர் வந்தது. வாய் வாயாக, கடல் தண்ணீர், பாசியோடு. நடுக்கோயிலில், காய்ந்த தரையில், எல்லார் கண்ணுக்கும் முன்னால் அவர் மூழ்கித் தாண்டு போனார்.

சனம் கத்திக்கொண்டு வாசலுக்கு ஓடியது. நான் பிலோமியைத் தேடினேன். அவள் கிராதிக்கு அங்கால் நின்றாள். மதலேனா அவளுடைய கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முக்காட்டை இழுத்து விட்டு, தரையில் ஒதுங்கி இடம் கொடுத்தாள்.

"இருங்கோ," என்றாள் மெதுவாக. "நல்லாக் களைச்சுப் போனியள்."

மூப்பரைக் கோயில் மதிலுக்குள் அடக்கம் செய்தார்கள். பாட்டுப் பூசை, கறுப்புக் கொடி எல்லாம். ‘மாரடைப்பு’ என்று எழுதினார்கள். கயித்தான் மூதூர் போகிற லோஞ்சுப் படகில் ஏறி ஓடிவிட்டான் என்று கதை கட்டினார்கள். அவனுக்கு ஒரு செபம் இல்லை. சுவாமி மூன்று மாதத்தில் மாற்றம் வாங்கிப் போனார். ஒரு வார்த்தை பேசாமல் போனார்.

பிலோமி நடந்தாள். வளர்ந்தாள். தையல் பழகினாள். கலியாணத்துக்கு ஒருவரும் கேட்டு வரவில்லை. அந்தக் காலைப் பார்த்த பிறகு யார் வருவான்? ஆனால் நடந்தாள், அது போதும் எனக்கு. ஒவ்வொரு பெரிய வியாழன் பின்னேரமும் ஒரு தாம்பாளத்தில் தண்ணீர் கொண்டுவந்து என் வலது காலைக் கழுவுவாள். ஏன் என்று நான் கேட்டதில்லை.

எழுபத்தாறாம் வருசம் மறுத்தேன். காலைத் தரமாட்டேன் என்று கதவைப் பூட்டிக்கொண்டேன். விடிய அவள் கால் இரண்டும் சூம்பிக் கிடந்தது. இருபத்தேழு வயதுப் பொம்பிளை தவழ்ந்து வந்து கதவைத் தட்டி, "அப்பா, என்ர கால், என்ர கால்" என்று அழுதாள். ஒரு நாள் பொறுத்தேன். பெரிய சனி காலையில் கதவைத் திறந்து காலை நீட்டினேன். கழுவினாள். துடைத்தாள். கொஞ்சுவது போலக் குனிந்து, என் சுண்டுவிரலை முறித்தாள்.

உடனே எழும்பி நடந்தாள்.

அதற்குப் பிறகு வருசத்துக்கு ஒரு விரல். நாலு வருசத்தில் வலது காலில் முறியாத விரல் இல்லை.

இந்த வருசமும் வந்தாள். பின்னேர வெயில் சுவரில் இருந்தது. நான் பழக்கத்தில் வலது காலை நீட்டினேன். அவள் தொடவில்லை.

"மற்றக் காலைத் தாங்கோ."

குனிந்த தலைக்குள்ளிருந்து வந்தது ஆம்பிளைக் குரல்.

"என்ர பிள்ளையை விடு," என்றேன்.

"நான் பிடிக்கேல்லை ஐயா. நீங்கள்தான் பிடிச்சனீங்கள்."

அவள் நிமிர்ந்தாள். முகம் வெளிறியிருந்தது. கண் நிறையப் பயம். "அப்பா," என்றாள், இந்தமுறை அவளுடைய சொந்தக் குரலில், "கால் விறைக்குது அப்பா."

பாவாடைக்குக் கீழே அவள் கெண்டைக்கால் வற்றிக்கொண்டு போவது எனக்குத் தெரிந்தது.

இடது காலைத் தாம்பாளத்துக்குள் வைத்தேன். தண்ணீர் சுடச்சுட இருந்தது, இப்போதுதான் ஓர் உடம்பிலிருந்து வந்தது மாதிரி.