லாரிக் கதவுக்கு எட்டு போல்ட்

லாரி தயார். கதவுதான் பாக்கி.

அப்பா இறந்த பிறகு கொட்டகையில் துருப்பிடித்துக் கிடந்த பழைய லாரி அது. அம்மாவும் சித்தப்பாவும் சேர்ந்து அதைச் சரிசெய்தார்கள். என்ஜின் நாலைந்து முறை இருமிவிட்டு ஓடத் தொடங்கியது. ஆனால் இடப்பக்கக் கதவு மட்டும் சுவரில் சாய்ந்தே நின்றது. அதை மாட்டும் எட்டு போல்ட்டுகளையும் காணோம்.

பிள்ளைகள் இருவரில் பெரியவள் வலப்பக்கக் கதவிலிருந்து ஒரு போல்ட்டை மாதிரிக்குக் கழற்றிக்கொண்டு கடைக்குப் போனாள். அதன் தலையில் சின்ன நட்சத்திரம் பொறித்திருந்தது.

"இந்த மரையே இப்ப வர்றதில்லை பாப்பா. நான் பொறக்கறதுக்கு முன்னாடி வந்த போல்ட்டு இது," என்றார் கடைக்காரர். ஏறக்குறைய ஒத்துப்போகிற எட்டு போல்ட்டுகளை நட்டோடு கொடுத்தார்.

சித்தப்பா ஒன்றைப் போட்டுப் பார்த்தார். ஒரு சுற்று போனது. அதற்கு மேல் அடம்பிடித்தது.

"இன்னும் முறுக்கினா லாரியில இருக்கிற மரை போயிடும். பேசாம கதவை வெல்டிங் வச்சு ஒட்டிரலாமா அண்ணி?"

"ஒட்டிட்டு ஜன்னல் வழியா ஏறுவீங்களா? கதவு சரியா இல்லாத லாரியில பிள்ளைங்களை ஏத்த மாட்டேன்," என்றாள் அம்மா.

பெரியவளின் முகம் வாடியது. அந்தக் கதவோரம்தான் அவள் இடம். அங்கே உட்கார்ந்து அப்பாவிடம் ஓயாமல் பேசிக்கொண்டே போவாள்.

அன்று மாலை அவளுடைய பென்சில் தம்பியின் கட்டிலுக்கு அடியில் உருண்டது. எடுக்கக் குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். கட்டிலின் மூலைக்கு இரண்டாக எட்டு போல்ட்டுகள். எல்லாவற்றின் தலையிலும் நட்சத்திரம்.

அம்மாவுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது. "கட்டில் செய்யற அவசரத்துல உங்கப்பா கதவு போல்ட்டைக் கழட்டி இதுல மாட்டியிருக்கார். 'அப்புறம் மாத்திக்கலாம்'னு நினைச்சிருப்பார்."

தம்பி கட்டிலின் நடுவில் ஏறிச் சம்மணமிட்டான். "யாரும் தொடக்கூடாது. இது அப்பா முறுக்கினது."

சித்தப்பா பெரியவளின் காதில் சொன்னார். "நாளைக்கு அவன் ஸ்கூலுக்குப் போனதும் கழட்டிரலாம்."

"வேண்டாம் சித்தப்பா. தெரிஞ்சா அவன் அந்தக் கட்டில்ல படுக்கவே மாட்டான்."

புது போல்ட் ஒன்றைக் கையில் உருட்டியபடி அவள் யோசித்தாள். லாரியில் போல்ட் திருகும் மரை இரும்புக்குள்ளேயே வெட்டியிருக்கிறது. கட்டிலில் இருப்பது மரம், வெறும் துளை. நட்டோடு வந்த எந்த போல்ட்டும் அதில் நிற்குமே.

தம்பியின் அருகில் போய் உட்கார்ந்தாள். "ஒண்ணைக் கழட்டினதும் அங்கேயே ஒண்ணைப் போட்டுடலாம். கட்டில் பிரியவே பிரியாது. நீ மேலேயே உட்கார்ந்து பாரு."

"நீ சரியா முறுக்கலைன்னா?"

"அப்ப நீயே முறுக்கு."

தம்பி கட்டிலிலிருந்து இறங்கினான். பிறகு ஸ்பேனருக்குக் கை நீட்டினான். அக்கா நட்டைப் பிடித்துக்கொள்ள, அவன் உதட்டைக் கடித்துக்கொண்டு முறுக்கினான். ஒவ்வொன்று முடிந்ததும் மேலே ஏறிக் குதித்துச் சோதித்தான்.

"இப்படிக் குதிச்சா போல்ட் நிக்கும், கட்டில் நிக்காது," என்றார் சித்தப்பா.

பழைய போல்ட்டுகள் லாரியில் விரலால் திருகியதுமே உள்ளே போயின. கதவு 'டப்' என்று மூடியது. பெரியவள் அதைத் திறந்து, ஏறி, தன் இடத்தில் உட்கார்ந்தாள். தம்பியை இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள்.

லாரியில் ஊரைச் சுற்றிவிட்டுத் திரும்பியதும் அம்மா கட்டிலைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். அது அசையவில்லை.

"நல்லாத்தான் இருக்கு. யார் வேலை இது?"

"அப்பா செஞ்சது," என்றான் தம்பி. "நான் முறுக்கினது."