இரண்டு முறை எதிரே வந்தவள்

அன்று சுபஸ்ரீ இரண்டாவது பெட்டிக்கு அருகிலேயே எதிர்ப்பட்டுவிட்டாள். நடுவில் அல்லவா சந்திக்க வேண்டும்?

திருச்சியோடு முடிந்து, வந்த வழியே திரும்பும் மாலை ரயில் அது. எட்டுப் பெட்டி, இரு முனையிலும் ஓட்டுநர் அறை. ரயில் நின்றதும் ஆட்கள்தான் முனை மாற வேண்டும். ஓட்டுநர் சுபஸ்ரீ சாவியோடு அந்த முனையிலிருந்து வருவாள். கார்டு வேணி இந்த முனையிலிருந்து போவாள். நடுப்பெட்டி அருகே இருவரும் தாண்டிக்கொள்வார்கள்.

அந்த ஒரு நிமிஷம் வேணிக்கு நெஞ்சில் மிளகாய் அரைத்த மாதிரி இருக்கும். ஒரே ஓட்டுநர் பரீட்சையை இருவரும் எழுதினார்கள். பத்து வயது இளையவள் தேறினாள். வேணியைக் கெட்டவள் என்று நினைத்துவிடாதீர்கள். ஆசைப்பட்டது தினமும் எதிரே நடந்து வந்தால் யாருக்குத்தான் வயிறு எரியாது?

ஸ்ரீரங்கத்தில் பிடித்த தூறல் கூரைத் தகரத்தில் முணுமுணுக்க, ஈர இரும்பும் கொதித்த டீத்தூளும் கலந்த வாடையில், சுபஸ்ரீ சிரிப்பை மட்டும் காட்டிவிட்டு, காலடிச் சத்தமே இல்லாமல் கடந்து போனாள்.

நான்காவது பெட்டியருகே, சுபஸ்ரீ மறுபடி எதிரே வந்தாள்.

“என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க? நாளையிலேர்ந்து எனக்கு எக்ஸ்பிரஸ் டூட்டி. தொல்லை விட்டுச்சுன்னு சந்தோஷப்படுங்க!”

விரலில் சாவி சுழன்றது. அந்த அறைக்கு ஏற்கெனவே ஒருத்தி போயிருக்கிறாள், போகாதே என்ற சொல் வேணியின் நாக்கு நுனிவரை வந்தது.

எக்ஸ்பிரஸ்.

“போயிட்டு வா சுபா.”

வேணி மறுமுனை அறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள். ஓட்டுநர் அறையோடு பேசும் போன் அடித்தது.

“அக்கா… உள்ள யாரோ உக்காந்திருக்கா… என் மூஞ்சிக்கா… வண்டிய எடுக்க விடாதீங்க…”

பிறகு அதே குரல், நிதானமாக: “நேரமாச்சுக்கா. மணி குடுங்க.”

கார்டு மணி கொடுக்காமல் ரயில் நகராது. நகராவிட்டால் ஆட்கள் ஓடி வருவார்கள். சுபஸ்ரீ பிழைப்பாள். நாளைக்கு எக்ஸ்பிரஸ் ஓட்டுவாள்.

விரல் அழுத்தியது. ஒன்று. இரண்டு.

பதில் மணி. ஒன்று. இரண்டு.

போனில் ஒரு விக்கல். அப்புறம் அதுவும் இல்லை. ரயில் நகர்ந்தது.

வேணி உட்காரத் திரும்பினாள். அவள் இருக்கை காலியாக இல்லை. அவள் வெள்ளைச் சட்டை. அவள் காதோர நரை. அவள் முகம். அது வேணியைத் தலையிலிருந்து கால்வரை மெல்லப் பார்த்தது. சுபஸ்ரீயை வேணி தினமும் பார்ப்பாளே, அப்படி.