பக்கத்தில் ஒருத்தி

மின்தூக்கியிலிருந்து வெளியே வந்த மிரண்டா, சுவா சூ காங் வட்டாரத்தில் இருக்கும் தம்பி வீட்டு வாசலில் சற்று நின்றாள். அந்தக் கதவு எண்ணை அவள் கண்ணாடி இல்லாமல் படிப்பது இதுதான் முதல் தடவை. எண் கூர்மையாகத் தெரிந்தது. அதன் வலப்பக்கம், கொஞ்சம் மேலே, அதே எண் வெளிறிப்போய் இன்னொரு முறையும் தெரிந்தது.

அவள் பயப்படவில்லை. கிட்டப்பார்வைக்கு லேசர் செய்த கிளினிக்கில், கண்ணைப் பரிசோதிக்கும் ரஞ்சன் முன்பே சொல்லியிருந்தான்.

“விளக்கைச் சுத்தி வட்டம் தெரியும். எழுத்து ரெண்டா தெரியும். நாங்க கோஸ்டிங்னு சொல்வோம். நிஜ கோஸ்ட் இல்லலா, பயந்துடாதீங்க. கண்ணு காய்ஞ்சா அப்படித்தான். டிராப்ஸ் விடுங்க, போகப்போக சரியாயிடும்.”

அவன் சொன்னபடியே நடந்தது. சொட்டு மருந்து விட்டால் இரண்டாவது உருவம் கரைந்துவிடும். கண் உலர்ந்தால் மெல்லத் திரும்பி வரும்.

கதவு திறந்தது. பூண்டுக் குழம்பும் குழந்தைப் பவுடரும் கலந்த வாசனை.

“அக்கா, இப்பவாவது பஸ் நம்பர் தெரியுதா?” என்று சிரித்தான் லியோனல். “இனிமே தப்பு பஸ்ல ஏறிட்டு எனக்கு போன் பண்ண மாட்டல்ல?”

“அவங்கள முதல்ல உட்கார விடுங்க,” என்றாள் அவன் மனைவி ஜெனிவீவ். சோபாவில் குழந்தையோடு இருந்தாள். “கேலப், யாரு வந்திருக்கா பாரு. உன் அத்தைடா. இனிமே ஞானத்தாயும் அவங்கதான்.”

மிரண்டா சிரித்தாள். ஒரு பிள்ளைக்காக அவளும் கணவன் ஜார்ஜும் செய்யாத மருத்துவமில்லை. அவள் சொல்லாத நவநாள் ஜெபமில்லை. ஜெனிவீவுக்கோ கல்யாணமான முதல் வருடமே பிள்ளை. கேட்டவள் காத்திருக்க, கேட்காதவள் மடியில் வந்து விழுந்திருந்தது.

இது என் கையில் இருக்க வேண்டியது என்று நினைத்தபடி அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

ஜெனிவீவுக்குப் பக்கத்தில் அவளுடைய வெளிறிய உருவம். அதே நைட்டி. அதே கொண்டை. அதே குனிந்த தலை.

அதன் கைகளில் குழந்தை இல்லை.

மிரண்டா அவசரமாகச் சொட்டு மருந்தைத் தேடி விட்டுக்கொண்டாள். உருவம் மறைந்தது. மருந்துப் பெட்டியை அங்கேயே மறந்து வைத்துவிட்டுக் கிளம்பினாள்.

அன்று முதல் கேலப் சரியாகப் பால் குடிக்கவில்லை.

மருத்துவமனையில் எல்லாச் சோதனையும் செய்தார்கள். குறை ஒன்றுமில்லை என்றார்கள். குழந்தை தூங்கிக்கொண்டே இருந்தது. எழுப்பினாலும் அழவில்லை. எடை மட்டும் குறைந்துகொண்டே வந்தது. ஃபாதர் வந்து பார்த்துவிட்டு, ஞானஸ்நானத்தைத் தள்ளிப்போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

ஞானத்தாய் சங்கிலி போட வேண்டும். அலுவலகம் முடிந்ததும் மிரண்டா ஜார்ஜோடு சிராங்கூன் சாலைக்குப் போனாள். தீபாவளி அலங்கார விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. ஒவ்வொரு விளக்கும் அவள் கண்ணுக்கு முள்முள்ளாக வெடித்து விரிந்தது. மல்லிகைப் பூவும் சாம்பிராணியுமாகக் கூட்டம் அவளைத் தள்ளிக்கொண்டு போனது.

நகைக்கடையில் சுற்றிலும் கண்ணாடி. ஜார்ஜ் சங்கிலியைப் பார்த்துக்கொண்டிருந்தான். மிரண்டா தற்செயலாகத் திரும்பினாள்.

கண்ணாடிக்குள் அவள் நின்றாள். பக்கத்தில் அவளுடைய வெளிறிய உருவமும் நின்றது.

அது கையில் எதையோ வைத்து ஆட்டிக்கொண்டிருந்தது.

கேலப்.

கொழுகொழுவென்று இருந்தான். கண்கள் விழித்திருந்தன. பொக்கை வாயால் அந்த முகத்தை, அவளுடைய முகத்தைப் பார்த்துச் சிரித்தான்.

“மிரா, இது ஓகேவா?” என்று ஜார்ஜ் கேட்டான். அவள் காதில் விழவில்லை. அலற வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை. இன்னும் கொஞ்சம் பார்க்க வேண்டும் என்றுதான் தோன்றியது.

மறந்து வைத்த சொட்டு மருந்தை அதன் பிறகு அவள் திரும்பக் கேட்கவே இல்லை.

பூன் லேயில் இருந்த அவர்கள் வீட்டுப் படுக்கையறையில் ஆளுயரக் கண்ணாடி இருந்தது. வேலையிலிருந்து வந்ததும் அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவாள். கண் எரியும், மணல் விழுந்ததுபோல உறுத்தும். எவ்வளவுக்கு உலர்ந்ததோ அவ்வளவுக்கு அந்த உருவம் தெளிந்தது. குழந்தை வளர்ந்தது. கன்னத்தில் குழி விழுந்தது. அறைக்குள் பால் வாசனைகூட வரத் தொடங்கியது.

“கண்ணு ஏன் இப்படிச் சிவந்திருக்கு? டிராப்ஸ் விடுறியா இல்லையா?” என்று ஜார்ஜ் கேட்டான்.

“விடுறேன்.”

லியோனல் தினமும் போனில் பேசினான். கேலப்பின் எடை இன்னும் இறங்கிவிட்டது என்பான். அப்போதெல்லாம் கண்ணாடிக்குள் இருந்த பிள்ளை இன்னும் கொஞ்சம் பூரித்திருக்கும். எது எங்கிருந்து வருகிறது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

புரிந்த பிறகும் அவள் மருந்து விட்டுக்கொள்ளவில்லை.

ஞானஸ்நானத்துக்குக் குறித்த ஞாயிற்றுக்கிழமை, தமிழ்த் திருப்பலி முடிந்து கோயில் காலியாகிக்கொண்டிருந்தது. ஜெனிவீவ் குழந்தையைக் கணவனிடம் கொடுத்துவிட்டு மிரண்டா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“அண்ணி, உங்க கண்ணு என்ன இப்படி இருக்கு? டிராப்ஸ எங்க வீட்லயே விட்டுட்டுப் போயிட்டீங்க. குடுக்கணும் குடுக்கணும்னு பையிலயே வச்சிருந்தேன். கேலப் டென்ஷன்ல மறந்தே போச்சு, சாரி.”

“இப்ப வேணாம் ஜெனி.”

“என்ன வேணாம்? தலையை நிமித்துங்க. நானே விடறேன்.”

வேண்டாம் என்று அவள் கையைத் தட்டிவிட்டிருக்கலாம். பல நாளாகத் தூங்காதவளின் விரல்கள். பிள்ளை சாகக் கிடக்கும் நிலையிலும் நாத்தனாரின் கண்ணுக்காகப் பையில் மருந்தைச் சுமந்த கை அது.

மிரண்டா தலையை நிமிர்த்தினாள். குளிர்ந்த துளி விழுந்தது.

இமை திறந்தபோது ஜெனிவீவின் முகம் ஒன்றாக, ஒட்டிப்போன கன்னத்தோடு மிக அருகில் தெரிந்தது. இத்தனை நாளும் தான் அந்த முகத்தைப் பார்க்கவே இல்லை என்று மிரண்டாவுக்குத் தோன்றியது.

ஞானஸ்நானத் தொட்டியருகே கேலப்பை வாங்கிக்கொண்டாள். கனமே இல்லை. துணியை மட்டும் வாங்கியதுபோல இருந்தது. தொட்டியில் தண்ணீர் அசையாமல் கிடந்தது.

தண்ணீருக்குள் அவள் தெரிந்தாள். பக்கத்தில் அதுவும்.

மருந்து விட்டிருந்ததால் அது மங்கியிருந்தது. ஆனால் போகவில்லை. கொழுத்த பிள்ளையை மார்போடு இறுக்கி, முதல் முறையாக நேராக அவள் கண்ணையே பார்த்தது. கெஞ்சியது.

“சாத்தானை விட்டுவிடுகிறீர்களா?” என்று ஃபாதர் கேட்டார்.

லியோனலும் ஜெனிவீவும் ஒன்றாகச் சொன்னார்கள்: “விட்டுவிடுகிறேன்.”

மிரண்டாவின் வாய் திறக்கவில்லை.

எத்தனையோ ஞானஸ்நானங்களில் பின்வரிசையில் நின்று கேட்ட சொல். விட்டுவிடுகிறேன். அதைச் சொன்னால் கண்ணாடிக்குள் சிரித்த அந்தப் பிள்ளையையும் விட வேண்டும். அவளுக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

ஃபாதர் காத்திருந்தார். ஜார்ஜ் மெல்ல, “மிரா,” என்றான்.

கையில் இருந்த சின்ன வாய் காற்றுக்காகத் திறந்தது. மூடிக்கொண்டது. மறுபடி திறக்கவில்லை.

“விட்டுவிடுகிறேன்,” என்றாள் மிரண்டா. “விட்டுவிடுகிறேன். ஆண்டவரே, இவன் ஜெனியோட பிள்ளை. விட்டுவிடுகிறேன்.”

தண்ணீருக்குள் அந்தக் கைகள் விரிந்தன.

தலையில் நீர் விழுந்ததும் கேலப் வீறிட்டான். கோயில் கூரை அதிர அழுதான். ஜெனிவீவ் அவனை வாங்கி, பின்வரிசைக்கு ஓடி, அழுதுகொண்டே பால் கொடுத்தாள். அவன் குடித்தான். நிறுத்தாமல் குடித்தான்.

அதன் பிறகு மிரண்டா விடாமல் மருந்து விட்டுக்கொண்டாள். சனிக்கிழமைதோறும் தம்பி வீட்டுக்குப் போய்ப் பால் புட்டிகளைக் கழுவி வைத்து, ஜெனிவீவைத் தூங்கச் சொல்லிக் குழந்தையைப் பார்த்துக்கொண்டாள். முதலில் முயன்று செய்தாள். பிறகு முயல வேண்டியிருக்கவில்லை.

கடைசிப் பரிசோதனையில் ரஞ்சன் கைதட்டினான். “சூப்பர்லா! வட்டமும் இல்ல, கோஸ்டிங்கும் இல்ல. கழுகுக் கண்ணு உங்களுக்கு.”

உண்மைதான். வீடு திரும்பும்போது எம்ஆர்டி ரயில் பெட்டியின் மறுகோடியில் இருந்த நிலையப் பெயர்களைக்கூட அவளால் படிக்க முடிந்தது. எல்லாம் ஒன்று ஒன்றாகவே இருந்தது. ஜன்னல் கண்ணாடியில் அவளும் ஒருத்திதான்.

எதிர் இருக்கையில் ஒரு தாயும், சின்னப் பெண்ணும். அந்தப் பெண் மிரண்டாவைப் பார்க்கவில்லை. மிரண்டாவுக்குப் பக்கத்தில், கைப்பை மட்டும் வைத்திருந்த காலி இருக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா,” என்று விரல் நீட்டிக் கிசுகிசுத்தாள், “அந்த ஆன்ட்டி ஏன் நின்னுட்டே அழுவுறாங்க?”

“ஸ்ஸ். யாரும் அழலடா. பாயின்ட் பண்ணாத.”

மிரண்டா திரும்பிப் பார்த்தாள். அவளுடைய நல்ல கண்களுக்கு ஒன்றும் தெரியவில்லை.

பிறகு அந்தக் காலி இருக்கையிலிருந்து கைப்பையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

சின்னப் பெண் சமாதானமாகித் தலையாட்டினாள்.

“உட்கார்ந்துட்டாங்க,” என்றாள்.